ஐந்தின் வால்

இன்சேனில், தேவாலயத்துப் பின்கட்டில்,
ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி.
பதிவேட்டில் கையெழுத்திட்டேன்: டோ மியா சீன்.
வீட்டில் தையல்நாயகி.
வேலைக்குப் போகிறவர்களுக்கு, போகப்போகிறவர்களுக்கு
மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து
இருபத்திரண்டு வருடம்.
எனக்கென்ன பயிற்சி,
சமோசா சூடாயிருந்தால் சரி என்று வந்தவள்.

நா சே வா வணக்கம்கூடச் சொல்லவில்லை.
பலகையில் ஆறு சொற்கள், கரேன் மொழியில்.
பர்மியமும் ஆங்கிலமும்
செருப்புகளோடு வாசலுக்கு வெளியே.
எழு, உட்கார், ஜன்னலைத் திற என்பது போல ஏதோ.
வாயைத் திறந்தேன்.
மறுபடி, என்றது அவள் கை.
மறுபடி.
ஏற்றமோ இறக்கமோ எங்கோ தப்புகிறது,
பின்வரிசையில் ஒரு பையன் சிரிக்கிறான்.
எனக்கோ கழிப்பறைக்குப் போகவேண்டும்,
எந்த மொழியில் கேட்பது?
ஐம்பத்தொரு வயதில்
தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊ ஓன் பே அப்போதுதான் வந்தார், நினைவுக்கு.
பொட்டட்டாங் துறையில் மூட்டை எண்ணுகிறவர்.
கப்பல்காரன் கேட்டால் தொகை சொல்லத் தெரியணும்,
அது போதும், என்று சேர்ந்தார்.
பர்மிய எழுத்திலும் மெய்யின் தலையில் ஒரு கொக்கி உண்டு,
நம் புள்ளி மாதிரி.
எழுதுவார்கள்; தொண்டை விழுங்கிவிடும்.
ஃபைவும் ஃபைலும் ஃபயரும்
அவருக்கு ஒரே ஃபை.
எல்லார் முன்னாலும் பதினொரு முறை சொல்லவைத்தேன்.
எண்ணுவது அவர் தொழில்,
அன்றைக்கு நான் எண்ணினேன்.
அடுத்த வாரம் வரவில்லை.
மழை என்று நினைத்தேன்.
அதற்கடுத்த வாரம் மழை இல்லை.

அவர் நோட்டு இன்னும் என் அலமாரியில்.
ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் மேலும்
பர்மிய எழுத்தில் குட்டியாய் ஒலி ஏற்றியிருப்பார்.
அதன் மேல் என் சிவப்பு மை.

கடைசி நாள் ஒரு படிவம். மூன்றாம் கேள்வி:
திங்கட்கிழமை எதை மாற்றுவீர்கள்?
பொறுமை, என்று எழுதி அடித்தேன்.
பொறுமை என்னிடம் ஏற்கெனவே நிறைய,
அதனால்தான் பதினொரு முறை.
கேள்விக்குக் கீழே வெள்ளையாக விட்டுக் கொடுத்தேன்.
நா சே வா வாங்கிக்கொண்டாள்,
சான்றிதழில் என் பெயரில் ஓரெழுத்து தப்பு.

திங்கள், ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.
ஒன்பது பேர், நாலு செல்போன் வெளிச்சம்.
பதினேழாம் பாடம் விமான நிலையம். மூடிவைத்தேன்.
நாளைக்கு எந்த வாக்கியம் இல்லாமல்
தவிப்பீர்கள், என்று பர்மியத்தில் கேட்டேன்.
கொஞ்ச நேரம்
தெருவின் ஜெனரேட்டர்கள் மட்டும் பேசின.
பிறகு, சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போகிற மா நந்தார்:
என் பாஸ்போர்ட் என்னிடமே இருக்கட்டும்.
மருந்துக்கடை வைரக்கண்ணு:
மெல்லச் சொல்லுங்கள், எனக்குப் புரியும்.
அதை முதலில் எழுதினோம்.

அப்புறம் மா நந்தார்தான், தயங்கித் தயங்கி:
டீச்சர், உங்கள் ஐந்துக்கு ஒரு வால் இருக்கிறது.
ஃபைவு.
ஆமாம்.
மெய்யைத் தனியே அனுப்ப மனம் வராத நாக்கு,
துணைக்கு ஓர் உகரத்தைக் கூட்டிவிடுகிறது.
இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை,
சொல்ல நான் எங்கே வாய் மூடினேன்?
இருட்டில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.
நானும்தான்.
நாலாவதில் வந்தது,
பல் கீழுதட்டைத் தொட,
வாலில்லாமல், கொஞ்சம் காற்றோடு.

புதன்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.
பலகைப் பாலத்தில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.
ஊ ஓன் பே எண்ணிக்கொண்டிருந்தார்,
பர்மியத்தில், உரக்க, ஒன்றும் தப்பாமல்.
நடுவில் கூப்பிட்டால் கணக்குப் போய்விடும்.
நின்றுகொண்டிருந்தேன்.